சின்ன மோனாலிசா, பெரிய சுவர்: கேள்வி-பதில்

கே: மோனாலிசாவை நேரில் பார்த்த என் அண்ணன், "இத்தனூண்டு படமா!" என்று ஏமாந்து வந்தார். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

ப: உயரம் 77 செ.மீ., அகலம் 53 செ.மீ. அளவு சின்னது, வேலை பெரியது. உதட்டோரத்திலும் கண்ணோரத்திலும் கோடே கிடையாது. தைல வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, வெளிச்சம் நிழலுக்குள் கரையும்படி செய்திருக்கிறார் லியோனார்டோ டாவின்சி. எல்லை தெரியாததால்தான் அந்தச் சிரிப்பு ஒருமுறை இருக்கிறது, மறுமுறை மறைகிறது.

கே: மைக்கேலாஞ்சலோ சிஸ்டைன் தேவாலயத்தின் விதானத்தை மல்லாந்து படுத்தா வரைந்தார்?

ப: இல்லை. 1508 முதல் 1512 வரை சாரத்தின்மேல் நின்றபடி, அண்ணாந்து வரைந்தார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் தீட்டும் ஃப்ரெஸ்கோ முறை அது. பூச்சு காய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால், அன்றன்றைக்கு வரைய முடிகிற அளவுக்குத்தான் பூசுவார்கள். சுண்ணாம்பு இறுகும்போது நிறமும் சுவரோடு சுவராகிவிடும். பிழை நேர்ந்தால் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியதுதான்.

கே: ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஏன் அவ்வளவு இருட்டு?

ப: அது பகல் காட்சி! 1642-இல் தீட்டியது. மேலே பூசிய வார்னிஷ் நாளடைவில் கறுத்ததால் வந்த பெயர். 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றச் சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். மன்னிக்க முடியாத வெட்டு.

கே: மோனே போன்ற ஓவியர்கள் தூரிகையோடு வெளியில் கிளம்பியது எப்படி?

ப: ட்யூப் வந்ததால். அதற்கு முன் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்தார்கள். குத்திப் பிதுக்கினால் மீதி காய்ந்துபோகும். 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வெள்ளீய ட்யூபுக்குக் காப்புரிமை பெற்றார். வண்ணம் பைக்குள் அடங்கியது, ஓவியர் ஆற்றங்கரைக்குப் போனார். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால் தீற்றல்களும் வேகவேகமாக விழுந்தன.

கே: பிக்காசோ வரைவதை என் ஐந்து வயது மகளும் வரைவாளே?

ப: மகளுக்கு வாழ்த்துகள். பதினைந்து வயதில் பிக்காசோ வரைந்த 'அறிவியலும் அறமும்' (1897) ஓவியத்தை அவளுக்குக் காட்டுங்கள். நோயாளியும் நாடி பார்க்கும் மருத்துவரும் அச்சு அசலாக இருப்பார்கள். இலக்கணம் கற்ற பிறகு மீறியவர் அவர். குண்டுவீச்சில் அழிந்த ஊருக்காக 1937-இல் வரைந்த 'கெர்னிகா'வில் உடல்களை ஒழுங்காக வரைந்திருந்தால் அந்த அலறல் நமக்குக் கேட்டிருக்காது.

கே: இன்று கட்டடச் சுவர்களில் வரைவதெல்லாம் ஓவியமா, அலங்காரமா?

ப: ஓவியமேதான். நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தில் 1933-இல் வரைந்த சுவரில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா லெனின் முகத்தைச் சேர்த்தார். நீக்கச் சொன்னபோது மறுத்தார். 1934-இல் அதை உடைத்தே எறிந்தார்கள். அதே ஆண்டு மெக்சிகோ நகரில் மறுபடி வரைந்தார். வெறும் அலங்காரத்துக்கு யாரும் இவ்வளவு பயப்பட மாட்டார்கள். சென்னையில் இருப்பவர்கள் கண்ணகி நகருக்குப் போங்கள். அடுக்குமாடிச் சுவர்களில் குழந்தைகளின் முகங்கள் பல மாடி உயரத்துக்கு நிற்கின்றன. நுழைவுச்சீட்டு வேண்டாம். வெயிலும் மழையும் நிறத்தைத் தின்பதற்குள் பார்த்துவிடுங்கள்.