தகடூர் முற்றுகையும் தூங்குமூஞ்சி லாம்டாவும்

பெயரிலேயே கோட்டையை வைத்திருக்கும் ஊர் அதியமான்கோட்டை. அது இருக்கும் தகடூர்ச் சீமையைப் பிடிக்க, சேர மன்னர் பெருஞ்சேரல் இரும்பொறை பெரும்படையோடு வந்து மல்லுக்கட்டினார். ஜெயித்த கையோடு, பெயருக்கு முன்னால் 'தகடூர் எறிந்த' என்று டிகிரி மாதிரி ஒட்டிக்கொண்டது. லாம்டாவிடம் டியூஷன் போயிருந்தால் ஓர் அம்புகூடச் செலவாகியிருக்காது!

லாம்டா, பாக்டீரியாவைப் பிடிக்கும் 'பேஜ்' வகை வைரஸ். மதில்மேல் குந்திக்கொண்டு தன் டி.என்.ஏ.வை மட்டும் உள்ளே தள்ளும். கொல்லலாம்; மூடு இல்லையென்றால் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு தூங்கிவிடும். பாக்டீரியா இரண்டாகும்போதெல்லாம் லாம்டாவுக்கும் ஓசியில் ஒரு காப்பி!

பேஜுக்குப் பெயர் வைத்த ஃபெலிக்ஸ் தெரெல் இதை ஒப்பவே இல்லை. பேஜ் என்றால் கொல்லணும், தூங்குவதாவது! 1927இல் காலராவை ஒழிக்க பஞ்சாப் கிணறுகளில் பேஜை ஊற்றியவர் அல்லவா? தூங்கும் பேஜ் என்று யாராவது சொன்னால், 'உங்க குழாயில் கலப்படம்' என்கிற கட்சி அவர்.

தமாஷ் இனிமேல்தான். 1922இல் கலிஃபோர்னியாவில் பிரித்தெடுத்த கே-12 என்ற ஈ.கோலை பாக்டீரியா, லேப் லேப்பாகச் சுற்றியது. ஜோஷுவா லெடர்பர்க் அதை வைத்தே 1958இல் நோபல் தட்டினார். அந்தக் கே-12க்குள் லாம்டா குறட்டை விடுவதை 1950இல் கண்டுபிடித்தவர் ஜோஷுவாவின் மனைவி எஸ்தர். லாம்டாவைத் தொலைத்த ஒரு கிளையை ஒரிஜினலோடு கலந்தார். லாம்டா கொன்ற இடமெல்லாம் தட்டில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது. நோபல் பட்டியலில் அம்மணி பெயர்? அட, போங்க சார்!

தூக்க மாத்திரை, ரெப்ரஸர் என்ற புரதம். 1967இல் மார்க் ப்டாஷ்னி அதைப் பிரித்தெடுத்தார். லாம்டா டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று நாற்காலி. ரெப்ரஸர் முதல் இரண்டில் உட்கார்ந்தால் கொலைகார ஜீன்கள் கப்சிப். தன்னைத் தயாரிக்கும் ஜீன் மட்டும் ஜோராக ஓடும். தன் பதவிக்குத் தானே சிபாரிசு! கூட்டம் மிஞ்சினால் மூன்றாவதிலும் உட்கார்ந்து தன்னையே அடக்கிக்கொள்ளும். நம்ம ஊர் அரசியலில் இந்த நாற்காலி மட்டும் இன்னும் வரவில்லை.

புதுசாக இன்னொரு லாம்டா நுழைந்தால்? அதையும் இதே ரெப்ரஸர் அமுக்கிவிடும். பங்காளிக்கும் பாய் கிடையாது.

புற ஊதாக் கதிர் பட்டால் ஆட்டம் கலையும். பாக்டீரியாவின் டி.என்.ஏ. அடிபட, ரெப்ரஸர் இரண்டாகத் துண்டாகும். காலி நாற்காலிக்கு க்ரோ என்ற எதிர்க்கட்சிப் புரதம் வரும்; மூன்றாவதில் முதலில் உட்கார்ந்து, புது ரெப்ரஸர் உற்பத்திக்கே பூட்டு. முக்கால் மணி நேரத்தில் சுமார் நூறு லாம்டாக்கள் செல்லைக் கிழித்துக்கொண்டு வெளியே. சரி, ரெப்ரஸரைத் துண்டாக வைத்தது யார்? ரெக்-ஏ. அடிபட்ட டி.என்.ஏ.வை ரிப்பேர் பார்க்க பாக்டீரியாவே சோறு போட்டு வைத்திருந்த சொந்த ஆள்!