முதலிடம் யாருக்கு?

பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு கைவிட்டது. பிள்ளைகள் மனம் நோகக் கூடாதாம், நல்ல காரியம். பிளக்ஸ் அச்சடிப்பவர்கள் மனமும் நோகவில்லை: பாடவாரியாக, பிரிவுவாரியாக, ஏன், தெருவாரியாகக்கூட முதலிடங்கள் முளைத்தன.

2023இல் திண்டுக்கல்லில் அரசு உதவிபெறும் பள்ளி மாணவி ஒருவர், தச்சுத் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 600க்கு 600 எடுத்தார். அறிவிக்காத முதலிடம் தானே வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே மாவட்டத்து நத்தம் மாரியம்மன் மாசித் திருவிழாவிலும் கழுமரம் ஏறியவருக்குத்தான் கைதட்டல். தேர்வில் உச்சி தொட்டவருக்கு வைக்கும் பாராட்டு பேனரில் மட்டும், ஏறியவர் தபால்தலை அளவு; வாழ்த்துபவர் ஆளுயரம். பேனர் வைக்கும் அண்ணே, அடுத்த முறை படங்களையாவது மாற்றிப் போடுங்கள்.