ஐம்பத்தேழாம் ஆண்டுச் செவர்லேயும் அதன் பாடபேதங்களும்

பதிப்பியல் பேசுவோர் பனையோலையோடும் காகிதத்தோடும் நின்றுவிடுகிறார்கள். எஃகில் வெட்டப்பட்டு, பாலிஸ்டைரீனில் வார்க்கப்பட்டு, அட்டைப்பெட்டியில் வெளிவரும் நூல்வகை ஒன்று அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வழங்கிவருகிறது. அதற்கு மறுபதிப்பு உண்டு, பாடபேதம் உண்டு, இடைச்செருகல் உண்டு, உரை உண்டு, உரையாசிரியர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன வரலாறும் உண்டு. சாதாரண மக்கள் இதைப் ‘பிளாஸ்டிக் கார் கிட்’ என்பார்கள். இவ்வாய்வின் கருதுகோள் எளியது: பழைய கிட் ஒன்றின் மறுவெளியீட்டை வாங்கி ஒட்டுபவர் பொழுதுபோக்குகிறார் என்று அவர் வீட்டார் நினைப்பது தவறு. அவர் பதிப்பாசிரியர்.

ஆய்வுக்களம், ஒரு மேசை. கருவிகள்: சிறு கட்டர், உப்புத்தாள், இடுக்கி, பசை, துணி உலர்த்தும் கிளிப், ரப்பர் பேண்ட். கடைசி இரண்டும் இல்லாமல் இத்துறையில் யாரும் முனைவர் ஆனதில்லை.

முதலில் மூலநூல். 1957 செவர்லே பெல் ஏர், 200 அங்குல நீளம், பின்னால் இரண்டு துடுப்புகள். 283 கன அங்குல வி-8 எஞ்சினுக்கு எரிபொருள் பீய்ச்சும் கருவியைப் பொருத்தினால் 283 குதிரைத்திறன். கன அங்குலத்துக்கு ஒரு குதிரை என்று விளம்பரத்தார் மார்தட்டினார்கள். பெட்ரோல் ஊற்றும் வாய் வெளியே தெரியாது. இடப்பக்கத் துடுப்பின் ஓரத்திலுள்ள குரோமியப் பட்டையைத் திறந்தால்தான் தெரியும். இது மூலநூலின் அருஞ்சொல். இதை அறிந்தவர் அறியாதவரைப் பார்க்கும் பார்வையை எல்லாத் துறையிலும் காணலாம்.

இம்மூலத்துக்குப் பழைய பாடங்கள் மூன்று. மிச்சிகன் மாநிலத்தில் 1948இல் தோன்றிய ஏ.எம்.டி. வழங்கிய பாடம் ஒன்று, கலிஃபோர்னியாவின் ரெவெல் வழங்கியது ஒன்று, இல்லினாயின் மோனோகிராம் வழங்கியது ஒன்று. முதலிரண்டும் 1/25 அளவு, மூன்றாவது 1/24. இருபத்து நான்குக்கும் இருபத்தைந்துக்கும் அப்படி என்ன பெரிய வேறுபாடு என்று கேட்பவர் சைவ வைணவச் சண்டையின்போதும் அப்படித்தான் கேட்டிருப்பார். கணக்கிடுவோம். 200 அங்குல வண்டி 1/25இல் 8 அங்குலம். 1/24இல் எட்டே கால் அங்குலத்துக்குச் சற்று மேல். அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர் வேறுபாடு. அடிக்கு அரை அங்குலம் என்பதால் 1/24 தச்சனும் தலையாட்டும் கணக்கு. பொம்மை வீடு செய்பவர்களுக்கும் அது தெரியும். 1/25 காரர்களோ, கார் நிறுவனங்களின் விற்பனையாளர்களுக்கு ஏ.எம்.டி. செய்துகொடுத்த விளம்பர மாதிரிகளின் வழிவந்தோர் தாம் என்று குலப்பெருமை பேசுவர். அந்தத் தொடக்ககால மாதிரிகள் அசிடேட் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டதால் நாளடைவில் வாழைப்பழம்போல வளைந்துபோயின என்பதை அவர்கள் தாமாகச் சொல்வதில்லை. இரு சாராரின் வண்டிகளையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது இத்துறையில் கலப்புமணத்துக்கு ஒப்பானது. எட்டரை மில்லிமீட்டரை விருந்தினர் யாரும் கண்டுபிடிப்பதில்லை என்பது வேறு செய்தி.

இனி, மறுபதிப்பின் இயல்பு. புத்தக மறுபதிப்பில் எழுத்தை மீண்டும் கோக்கிறார்கள். கிட் மறுபதிப்பில் எதையும் மீண்டும் செய்வதில்லை. கிடங்கில் கிடந்த அதே எஃகு அச்சைத் தூசிதட்டி எடுத்து உருகிய பாலிஸ்டைரீனைச் செலுத்துகிறார்கள். ஆகவே 1960களின் தொடக்கத்தில் அச்சு வெட்டிய ஆசாரியின் கைத்தவறு இன்றைய வண்டியிலும் மயிரிழை பிசகாமல் நிற்கும். ஆனால் ஓலைச்சுவடிக்கும் அச்சுக்கும் ஒரு தலைகீழ் உறவு உண்டு. இதை இதுவரை யாரும் கவனப்படுத்தாததால் கண்டுபிடித்த பெருமை இவ்வாய்வாளருக்கே உரியது. ஓலை பழசானால் செல்லரித்து எழுத்து குறையும். அச்சு பழசானால் அதன் இரு பாதிகளும் நெருங்கிப் பொருந்தாமல், இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து, பாகத்தின் ஓரமெல்லாம் மெல்லிய சவ்வாக நிற்கும். பழைய நூலில் விடுபட்டதை ஊகித்து எழுத வேண்டும், பழைய கிட்டில் மிகுந்ததை ஊகித்துச் செதுக்க வேண்டும். இரண்டாவது கடினம். ஸ்டீயரிங் சக்கரத்தின் ஆரத்தில் மூலம் எங்கே முடிகிறது, சவ்வு எங்கே தொடங்குகிறது என்பது பார்ப்பவர் கண்ணாடியின் பவரைப் பொறுத்தது.

ரெவெல் பாடத்தின் தனிச்சிறப்பு அதன் கதவுகள். என்ஜின் மூடி, பின்பெட்டி மூடி, இரு கதவுகள் என எல்லாம் தனிப்பாகங்கள். கதவுகள் திறக்கும் என்று பெட்டி உரைக்கிறது. ‘திறக்கும் என்றாராயினும் மூடும் என்னாமையின், மூடாமையும் ஆசிரியர்க்கு உடன்பாடென்க’ என்று உரை வகுப்பதே முறை. கதவை உப்புத்தாளால் தேய்த்து மூடவைத்தால் இடுக்கு பெரிதாகிறது. இடுக்கைச் சரிசெய்தால் கீல் பிடிக்கிறது. அனுபவம் முதிர்ந்த உரையாசிரியர்கள் கதவைப் பசையிட்டு நிரந்தரமாக மூடிவிட்டு, ‘இப்பகுதி ஆசிரியர் வாக்கன்று’ என்று அடிக்குறிப்பு எழுதிவிடுவார்கள்.

இடைச்செருகலைப் பேச வேண்டும். 1958இல் ஏ.எம்.டி. ஒரு பெட்டியில் மூன்று வண்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. காரை விற்பனைக்கு வந்தபடியே செய்யலாம், அலங்கார வண்டியாக்கலாம், அல்லது பந்தய வண்டியாக்கலாம். பெட்டியில் இருப்பதோ ஒரே உடல். எந்த வழியில் போனாலும் மற்ற இரண்டுக்கான பாகங்கள் மிஞ்சும். இவ்வாறு மிஞ்சிய குரோமியப் புகைக்குழாய்களும் கூடுதல் கார்புரேட்டர்களும் பிஸ்கட் டப்பாவில் சேர்ந்து, பிற்பாடு வேறொரு வண்டியில் ஏறிக்கொள்ளும். எந்த வரி எந்த நூலுக்குரியது என்று தெரியாத தனிப்பாடல் திரட்டு உருவாகும் விதம் இதுவே.

மறைந்த நூல்களின் கதை வருத்தமானது. டெட்ராய்ட்டில் ஆண்டுதோறும் காரின் முகமும் வாலும் மாறும். கிட் அச்சையும் அதற்கேற்ப வெட்டி மாற்றுவார்கள். அடுத்த ஆண்டின் பதிப்பு முந்தைய ஆண்டின் மூல ஏட்டின் மேலேயே எழுதப்பட்டது என்று பொருள். போதாக்குறைக்குப் பந்தய வண்டி மோகம் வந்தபோது, அகலமான டயர் நுழைய வேண்டும் என்பதற்காகச் சக்கர வளைவுகளை எஃகிலேயே மாற்றிவிட்டார்கள். அந்த வண்டிகள் பழைய வடிவில் மீண்டும் வேண்டுமானால் புது அச்சுதான் வெட்ட வேண்டும்.

ஒவ்வொரு தொன்மைக்கும் ஒரு கடல்கோள் தேவை. இத்துறையின் கடல்கோள் ஒரு ரயில் விபத்து. 1977இல் நியூயார்க் பக்கத்து அரோரா நிறுவனத்தின் அச்சுகளை மோனோகிராம் வாங்கி ரயிலில் ஏற்றியபோது வண்டி தடம்புரண்டு சில அச்சுகள் சேதமாயின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. சேதமானவை சிலவே. ஆயினும், இன்று கிடைக்காத எந்தக் கிட்டைக் கேட்டாலும், அது அரோராவுடையதே அல்ல என்றாலும், ‘அது அந்த ரயிலில் போயிற்று’ என்பார்கள். ஒரு ரயிலில் அவ்வளவு பெட்டிகள் இருந்திருக்க வழியில்லை.

எஞ்சிய ஏடுகள் மடம் மாறின. ரெவெலும் மோனோகிராமும் 1986இல் ஒன்றாயின. பின்னர் அவற்றை வைத்திருந்த ஹாபிகோ நிறுவனம் 2018இல் திவாலாக, ஜெர்மானிய முதலீட்டாளர் கைக்கு அச்சுகள் போயின. ஏ.எம்.டி. அச்சுகள் லெஸ்னி, எர்ட்ல் எனப் பல கை கடந்து இண்டியானாவின் ரவுண்ட் 2 நிறுவனத்தில் இளைப்பாறுகின்றன. இந்த நிறுவனம் பழைய பெட்டிப் படத்தையும் சேர்த்தே மறுபதிப்பிக்கிறது. நூலைவிட மேலட்டை நன்றாக இருப்பது பதிப்புலகில் புதிதல்ல.

பசையைப் பற்றித் தத்துவ நோக்கில் ஒரு சொல். பாலிஸ்டைரீன் பசை இரு முகங்களையும் கரைத்து ஒன்றாக்குகிறது. காய்ந்தபின் இரண்டு என்பதே இல்லை. இது அத்வைதம். சூப்பர் குளூ இரண்டுக்கும் நடுவே மூன்றாம் பொருளாய் நின்று இரண்டையும் இரண்டாகவே வைத்திருக்கிறது, துவைதம். அது ஆவியாகிக் கண்ணாடிப் பாகங்களில் வெண்மூட்டம் படர்த்துவதைத் துவைதிகள் மாயை என்று தள்ளிவிட முடியாது. குரோமியம் பூசிய பாகத்தில் அத்வைதம் செல்லாது. பூச்சைச் சுரண்டி உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கைக் காட்டினால்தான் ஐக்கியம் கூடும்.

பெட்டியைப் பிரிக்கவே மாட்டோம் என்னும் மறுதரப்பையும் குறிப்பிடுவது நேர்மை. அவர்கள் நெகிழித்தாள் கிழியாத பழம்பதிப்பை விலை ஏறும் என்று பூட்டிவைப்பவர்கள். மறுபதிப்பு வெளியாகும் நாளில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. இதைவிடக் கொடுமை பெட்டிக்குள் நடக்கலாம். அக்கால வினைல் டயர்களிலிருந்து கசியும் நெகிழ்வுப்பொருள், தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை அரிக்கும். முன்கண்ணாடியின்மேல் ஒரு டயர் சாய்ந்து கிடந்தால் கண்ணாடியில் வளையம் பதிந்துவிடும். பிரிக்காததால் அவர்களுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளப் பிரித்தால் விலை போய்விடும்.

நிறைவாக, தீராத ஆய்வுச் சிக்கல் ஒன்று. பழைய கிட்கள் பலவற்றில் முன்சக்கர அச்சு ஒரு நேர்க்கம்பி. அது எஞ்சினின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போகும். உண்மைக் காரில் அப்படியொரு கம்பி இல்லை என்பதால் தூய்மைவாதிகள் அதை வெட்டி எறிந்து, சக்கரங்களைத் தனித்தனியே ஒட்டுகிறார்கள். வெட்டிய அன்றே மூன்று சக்கரங்கள் மேசையைத் தொட, நான்காவது காற்றில் நிற்கிறது. சூடுகாட்டி வளைத்தால் எதிர்மூலைச் சக்கரம் எழுகிறது. இதற்குக் கோட்பாட்டுத் தீர்வு கிடைக்கும்வரை, கிட்டோடு வந்த விளக்கத்தாளை எட்டாக மடித்து அச்சக்கரத்தின் கீழ் செருகுமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. அத்தாள் வேறெதற்கும் பயன்பட்டதாகச் சான்று இல்லை.