அலவாங்கு வாங்கினியோ, தம்பி?

மார்ச் மாதம் நடுப்பகுதி. ஸ்காபரோவிலை ரோட்டோரத்து ஸ்னோ கறுத்துப்போய்க் கரைஞ்சு ஓடுது. உனக்கும் உன்ரை கூட்டாளியளுக்கும் இப்பதான் சிம்கோ ஏரியிலை ஐஸுக்கு மேலை நிண்டு மீன் பிடிக்க வேணும் எண்ட ஞாபகம் வந்ததாம். அதோடை விட்டியளோ? ஐஸுக்கு மேலையே கூடாரம் அடிச்சு ரண்டு இரவு படுக்கப் போறியளாம். ஏன் மோனை, வீட்டிலை கட்டில் இல்லையோ?

சாமான் பட்டியலைப் போனிலை காட்டினாய், வடிவாப் பாத்தன். ஐஸைத் துளைக்கப் பற்றரியிலை ஓடுற ஓகர். கீழை மீன் நிக்குதோ எண்டு சொல்ல சோனார். சோனார் சொல்லுறதை நம்பாமல் இறக்கிப் பாக்க ஒரு கமெரா. உங்களை மேலை நிண்டு படமெடுக்க ட்ரோன். பிறகு வெள்ளையிலை கோடு போட்ட மறைப்புச் சட்டை. ஆரிட்டை மறையப் போறாய்? மீன் கீழையெல்லோ நிக்குது? நீ விழுந்தால் தேடி வாற ஹெலிகொப்டர்காரனுக்குத்தான் நீ தெரியமாட்டாய். கடைசியிலை ஒரு பெரிய ஐஸ்பெட்டி. ஐஸுக்கு மேலை இருக்கிறவனுக்கு ஐஸ்பெட்டி என்னத்துக்கு எண்டு கேட்டன். பியர் உறைஞ்சு வெடிக்காமல் இருக்கவாம். ஓம், அது ஞாயம். முழுப் பட்டியலிலையும் புத்தியோடை வாங்கின சாமான் அது ஒண்டுதான்.

அலவாங்கு வாங்கினியோ?

முழிக்காதை. இரும்புப் பாரையைச் சொல்லுறன். ஐஸைக் குத்திப் பாக்கிறதுக்கெண்டே நீட்டா ஒண்டு இஞ்சத்தைக் கடையளிலை விக்கினம். முன்னுக்குப் போறவன் காலை வைக்க முன்னம் அதாலை ஓங்கிக் குத்திப் பாக்க வேணும். ஒரே குத்திலை தண்ணி வந்தால், வந்த வழியாலை திரும்ப வேணும். அதுக்குப் பற்றரி வேண்டாம், அப்டேட் வேண்டாம். அடித் தண்ணியிலை மீன் என்ன செய்யுது எண்டு பாக்கக் கட்டுக்கட்டாக் காசு குடுத்தவங்கள், காலுக்குக் கீழை என்ன கிடக்கு எண்டு பாக்க ஒரு இரும்புத் தடி வாங்கேல்லை. ஆழம் அறியாமல் காலை விடாதை எண்டு எங்கடை ஆக்கள் ஐஸைக் காணாமலே சொல்லிப்போட்டுப் போட்டினம்.

"15 அங்குலம் தடிப்பு இருக்காம் அப்பு" எண்டு சொல்லுறாய். இருக்கட்டும். உந்தக் கணக்கு எனக்கும் தெரியும். தெளிஞ்ச புது ஐஸ் எண்டால் ஆள் நடக்க 4 அங்குலம் காணும், ஸ்னோமொபைலுக்கு 5, காருக்கு 8 தொடக்கம் 12. வெள்ளையாக் கிடக்கிற ஐஸுக்கு அரைவாசிப் பெலன்தான், அதுக்கு உதெல்லாம் ரண்டு மடங்கு வேணும். ஆனால் உது தை மாதத்துக் கணக்கு மோனை. பங்குனி வெயில் ஐஸை மேலாலை மட்டும் கரைக்கிறேல்லை, உள்ளுக்கை இறங்குது. பளிங்குக்கும் பளிங்குக்கும் நடுவிலை கிடக்கிற பிடிப்பை அறுக்குது. பிறகு அந்த ஐஸ், கட்டவிழ்ந்த ஈர்க்குமாறு மாதிரி ஒண்டோடை ஒண்டு சேராமல் செங்குத்தா நிக்கும். அளந்து பாத்தால் 15 அங்குலம் காட்டும். ஏறி நிண்டால் நீ கீழை. அளவுகோலுக்கு என்ன தெரியும், பாவம்?

இன்னுமொண்டு கேள். சிம்கோவிலை மரக்குடில் வைச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் மார்ச் 15-க்கு முன்னம் அதை இழுத்துக் கரையிலை போட்டிட வேணும் எண்டு ஒன்ராறியோச் சட்டம் சொல்லுது. அரசாங்கம் வீட்டைத் தூக்கு எண்டு சொல்லுற கிழமையிலை நீ கூடாரத்துக்கு முளை அடிக்கப் போறாய்! சட்டத்தை விடு. வாடகைக்குக் குடில் விடுறவனைப் பார். ஒரு நாள் கூட நடந்தால் அவனுக்கு ஒரு நாள் காசு. அவனே கதவைப் பூட்டிப்போட்டுக் குந்தியிருந்தால் என்ன அர்த்தம்? உன்ரை சிநேகிதன் வீடியோவிலை பாத்துப் படிச்சதை விட அந்த மனுசன்ரை பூட்டு எனக்குப் பெரிய ஆதாரம்.

காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்கும் எண்டு பாத்தனியோ? எத்தினை டிகிரி எண்டு பாத்தனியாம். பருத்தித்துறையிலை வள்ளம் தள்ளுறவனிட்டைப் போய்க் கேட்டுப் பார், டிகிரியோ காத்தோ பெரிசு எண்டு. 2009 பெப்ரவரியிலை ஈரி ஏரியிலை, ஒகையோக் கரைப் பக்கம், உன்னை மாதிரிக் கனபேர் ஐஸிலை மீன் பிடிக்கப் போனவை. வழியிலை ஒரு வெடிப்பு. திரும்பி வந்தினமோ? பலகைத் தட்டுகளைப் பாலமாப் போட்டுத் தாண்டிப் போச்சினம். தெக்குக் காத்து எழும்பிச்சுது. ஐஸ் கரையை விட்டுக் கழண்டு போகத் துவங்கிச்சுது. வெடிப்பு அகண்டுது, பாலம் எட்டேல்லை. நூறு பேருக்கு மேலை ஹெலிகொப்டரிலையும் காத்தாடி வள்ளத்திலையும் ஏத்திக் கொண்டு வந்தவங்கள். ஒருத்தர் செத்துப்போனார். அது பெப்ரவரியிலை. நீ மார்ச்சிலை போறாய், அதுவும் சிம்கோவின்ரை தெக்கு முனையிலை கிடக்கிற குக்ஸ் விரிகுடாவுக்கு. ஹொலண்ட் ஆறு வந்து விழுற இடம் அது. ஓடுற தண்ணி ஐஸைக் கீழாலை தின்னும்.

சரி, படுக்கிறதுக்கு வருவம். கூடாரத்தை இறுக்கி மூடிப்போட்டுக் காஸ் ஹீற்றரைக் கொளுத்தினால் சூடு மட்டுமோ வரும்? மணமில்லாத காபன்மொனொக்சைட்டும் வரும். நித்திரையிலை மூக்குக்கு ஒண்டும் தெரியாது. அதுக்கு ஒரு எச்சரிக்கை மணி இருக்கு, பட்டியலிலை காணேல்லை. தூண்டிலைப் போட்டிட்டுப் படுப்பமோ? அதுவும் ஏலாது. ஐஸிலை ஆளுக்கு ரண்டு தூண்டில் விடலாம், ஆனால் 60 மீட்டருக்குள்ளை நிண்டு கண்ணாலை பாத்துக்கொண்டிருக்க வேணும். குறட்டை விடுறவன் எதைப் பாக்கிறது?

விழுந்தால் என்ன செய்வாய்? மனிற்றோபாப் பல்கலைக்கழகத்திலை கீஸ்பிரெக்ட் எண்டொரு பேராசிரியர், உறைதண்ணியிலை தானே இறங்கிப் பாத்து ஒரு கணக்குச் சொன்னவர். முதல் 1 நிமிசம் மூச்சை அடக்கு, பதறாதை. பிறகு ஒரு 10 நிமிசம் கையும் காலும் சொல்வழி கேக்கும், அதுக்குள்ளை வெளியிலை வா. குளிர் நினைவைப் பறிக்க 1 மணித்தியாலம் வரையிலை செல்லும். வந்த பக்கம் திரும்பி, காலை நீட்டி உதைச்சு, வயித்தாலை ஏறி, எழும்பாமல் உருண்டு போ. கழுத்திலை ரண்டு ஐஸ் ஊசி தொங்கினால் பிடிச்சு ஏறலாம். விலை உன்ரை கோப்பிக் காசு. அதுவும் வாங்கேல்லையெல்லோ?

போகாதை எண்டு நான் சொல்லேல்லை. சொன்னாலும் கேக்கவோ போறாய்? முட்டையிடக் கிட்டுற காலம், பேர்ச் மீன் கரைப் பக்கம் கூட்டமா வரும், கொத்தும். அது உண்மை. இனிப்பான மீன். பொரிக்கலாம், ஒடியல் கூழுக்கும் போடலாம். ஒரு ஆளுக்கு 50 வரை பிடிக்கச் சட்டமும் விடுது. செதிள் எடுக்கிறது ஆர் எண்டு மட்டும் வீட்டிலை பேசித் தீர்த்துக்கொள்.

ஒண்டு செய். இரவு உறைஞ்சால் மட்டும் போ. உறையேல்லை எண்டால் கரையை விட்டு இறங்காதை. விடியக் காத்தாலை, அலவாங்கோடை, ஆளுக்காள் தள்ளி நடந்து போ. படுக்கையைக் கரையிலை, சுவர் இருக்கிற இடத்திலை வை. நானும் வாறன். எனக்கு 65 தாண்டிச்சுது, லைசென்ஸ் தேவையில்லை, அடையாள அட்டை காணும். ஆனால் காரை விட்டு இறங்க மாட்டன். ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உங்களைப் பாத்துக்கொண்டிருப்பன். மத்தியானம் 12 மணிக்கு ஹோர்ன் அடிப்பன். மீன் கொத்தினாலும் சரி, கொத்தாட்டியும் சரி, தூண்டிலைச் சுத்திக்கொண்டு கரைக்கு வந்திட வேணும், சொல்லிப்போட்டன்.