‘சும்மா வாங்க’ என்றால் யாரும் வர மாட்டார்கள்

கோடை விருந்துக்கு அழைப்பது எப்படி? ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் அடுப்பு மூட்டி, கோழி சுட்டு, 10 குடும்பத்தோடு சாப்பிட ஆசை. கல்யாணமா, காதுகுத்தா? ‘சும்மா வாங்க’ என்று சொன்னால் போதாதா?
– வாசகர், மூக்கண்டப்பள்ளி

பதில்: போதாது. கல்யாணப் பத்திரிகை எழுதுவது சுலபம். முகூர்த்தம், மண்டபம், ‘சுற்றமும் நட்பும் சூழ’ எல்லாவற்றையும் அச்சகத்துக்காரரே போட்டுத் தந்துவிடுவார். எதையாவது விட்டுவிட்டாலும் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். சும்மா விருந்துக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதா, பசியோடு போவதா? பிள்ளைகளும் உண்டா? ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறாரே, அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? இத்தனையையும் யோசிக்கிறவர் கடைசியில் வீட்டிலேயே இருந்துவிடுவார். ‘ஒருநாள் வீட்டுக்கு வாங்க’ என்று நாம் தினமும் சொல்கிறோம். அந்த ‘ஒருநாள்’ எந்தக் காலண்டரிலும் இல்லை. கிழமை, நேரம், இடம், சாப்பாடு, யார் யார் வரலாம் என்ற ஐந்தையும் சொல்லுங்கள். சொல்லும் விதம் எவ்வளவு சாதாரணமாகவும் இருக்கட்டும், விவரத்தில் மட்டும் குறை வைக்காதீர்கள்.

கேள்வி: என் நண்பர்கள் எல்லாரும் சிப்காட்டில். ஒருவருக்கு ஏ ஷிப்ட், ஒருவருக்கு பி ஷிப்ட், இன்னொருவருக்கு நைட். எத்தனை மணி என்று எழுதுவது?
– வாசகர், சிப்காட்

பதில்: தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுதுங்கள். நைட் ஷிப்டுக்காரர் 9 மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் ஏற வேண்டும். மறுநாள் ஏ ஷிப்ட் போகிறவர் விடியற்காலை நாலரைக்கு எழ வேண்டும். ‘5 மணிக்கு ஆரம்பம், 7 மணிக்குச் சாப்பாடு, 9 மணிக்கு முடித்துவிடுவோம்’ என்று பார்த்ததும் இருவருக்கும் நிம்மதி. ஞாயிறும் ஓவர்டைம் பார்க்கும் பி ஷிப்டுக்காரருக்கு மட்டும், ‘நீங்க பத்தரைக்கு வந்தாலும் உங்க பங்கு இருக்கும்’ என்று ஒரு வரி சேருங்கள். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருகிறவர்களாக இருந்தால் மாலை விருந்தே வேண்டாம். சொந்த ஊர் போய்த் திரும்பும் வண்டிகள் ஞாயிறு ராத்திரி தேசிய நெடுஞ்சாலை 44-இல் அத்திப்பள்ளியை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். அவர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து, வெயில் தாழ்ந்ததும் அனுப்பிவையுங்கள்.

கேள்வி: போன வருடம் கோடை மழையில் அடுப்பு அணைந்து, வந்தவர்கள் பாதியில் கிளம்பிவிட்டார்கள். இந்த வருடம் என்ன எழுதுவது?
– வாசகி, மத்திகிரி

பதில்: ‘மழை வந்தால் கீழே ஹாலில்’ என்று எழுதுங்கள். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மே மாதச் சாயங்காலத்தில் காற்றும் மழையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மாந்தோப்பு வைத்திருப்பவர்களைக் கேட்டால் காய் உதிர்ந்த கணக்கோடு சொல்வார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், மேகம் கறுத்ததுமே பாதிப் பேர் ‘இன்றைக்கு நடக்காது’ என்று தாங்களாகவே முடிவு செய்துவிடுவார்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்காரர்களுக்குப் பிரச்சினை வேறு. தாழ்வான ஊர் என்பதால் மொட்டைமாடித் தளம் 6 மணி வரை காலைச் சுடும். அங்கே ஆறரைக்கு மேல் அழையுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர் வீட்டில் ஒடிசா பையன்கள் நாலு பேர். எந்த மொழியில் அழைப்பது?
– வாசகி, பாகலூர் சாலை

பதில்: வாயால், அவரவர் வாசலில் நின்று. 1956-இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோதும் எல்லைக்கோடு ஜுஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவிலேயே நின்றது. பேச்சு அந்தக் கோட்டைக் கேட்டு நடக்கவில்லை. வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வாழ்கிறவர்கள் ஓசூரில் ஏராளம். ஆனால் தமிழ் பேசுகிற எல்லாரும் தமிழ் படிப்பதில்லை. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழகான அழைப்பு அவர்களுக்கு வெறும் கோலமாகத் தெரியும். முதலில் வீட்டுக்காரரிடம் போங்கள். மாடியில் அடுப்பு மூட்ட அவர் சம்மதம் வேண்டும். சம்மதம் மட்டும் வாங்கிக்கொண்டு அழைக்காமல் திரும்புவது மரியாதை ஆகாது. ஒடிசா பையன்களுக்கு இந்தியில் ‘சண்டே, பாஞ்ச் பஜே, கானா’ போதும். பிறகு வீட்டு லொகேஷனை அனுப்புங்கள். அதற்கு முன் நாலு பேர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரை விட்டு வந்து உழைக்கிற பிள்ளைகளை சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாப்பிட யார் கூப்பிடுகிறார்கள்? 1980களில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகளை நம்பி வெளியூர்களிலிருந்து வந்திறங்கியவர்களையும் இங்கே யாரோ இப்படிப் பெயர் சொல்லிச் சாப்பிட அழைத்தார்கள். அதனால்தான் அவர்கள் பிள்ளைகளுக்கு இது சொந்த ஊர்.

கேள்வி: எங்கள் கூட்டத்தில் சைவம், அசைவம், ஹலால் பார்ப்பவர் எல்லாரும் உண்டு. இதையெல்லாம் அழைப்பில் எழுதினால் நன்றாக இருக்குமா?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: எழுதாவிட்டால்தான் நன்றாக இருக்காது. கேட்கக் கூச்சப்படுகிறவர், வந்து வெறும் தயிர்சாதத்தோடு எழுந்து போவார். ‘கோழி ஹலால் கடையில் வாங்கியது. சைவத்துக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி’ என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இது ராகி விளைகிற சீமை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் களி தெரியாத வீடு இல்லை. சைவ அடுப்பில் களி கிண்டி, ஒரு பக்கம் கீரைக் கடைசல், இன்னொரு பக்கம் கோழிக்குழம்பு வைத்தால் ஒரே களி எல்லா இலைக்கும் ஆகும். மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிற பெங்களூரா மாங்காயில் நாலு வாங்கிக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவுங்கள். அதையும் அழைப்பில் எழுதுங்கள். பிள்ளைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

கேள்வி: ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரச் சொல்லலாமா? மொய் கேட்பதுபோல் ஆகிவிடுமோ?
– வாசகர், சூளகிரி

பதில்: தாராளமாகச் சொல்லலாம். சின்ன வயதில் கூட்டாஞ்சோறு ஆக்கியபோது அரிசி ஒரு வீட்டிலிருந்தும் பருப்பு ஒரு வீட்டிலிருந்தும் வந்தன, யாரும் கூச்சப்படவில்லை. தென்னாப்பிரிக்காவில் தீ மூட்டி இறைச்சி சுடும் விருந்துக்கு, அவரவர் இறைச்சியை அவரவரே கொண்டுபோகும் வழக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ‘ஒரு தட்டு கொண்டு வாருங்கள்’ என்று அழைப்பார்கள். பலகாரத்தோடு என்பது புரியாமல், புதிதாகக் குடியேறியவர்கள் வெறும் தட்டோடு போய் நின்ற கதைகள் அங்கே உண்டு. ஆகவே ‘ஏதாவது கொண்டு வாங்க’ என்று எழுதாதீர்கள்; 10 வீட்டிலிருந்தும் கூல்டிரிங்க்ஸ்தான் வரும். யாருக்கு என்ன என்று பெயர் போட்டுச் சொல்லுங்கள். அறை எடுத்துத் தனியாக இருக்கும் பையனிடம் பண்டம் கேட்க வேண்டாம். ‘அரை மணி முன்னால வந்து அடுப்பு மூட்டிக் கொடு தம்பி’ என்றால், அவன் அந்த வீட்டுப் பிள்ளையாக உரிமையோடு வருவான்.

கேள்வி: ‘பாட்டில் உண்டா?’ என்று குரூப்பில் ஒருவர் கேட்கிறார். என்ன எழுத?
– வாசகர், பர்கூர்

பதில்: ‘உண்டு. மோர் ஒரு பானை, நன்னாரி சர்பத் ஒரு பானை. பிள்ளைகள் வருகிறார்கள்.’

கேள்வி: அழைப்புக்கு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. எத்தனை பேருக்குச் சமைப்பது?
– வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: முகத்துக்கு நேரே ‘வர முடியாது’ என்று சொல்ல நம்மவர்களுக்கு மனம் வராது. ‘பார்க்கிறேன்’ என்பதில் பாதி அதுதான். மறுக்க அவர்களுக்கு ஒரு வழி கொடுங்கள்: ‘வியாழக்கிழமைக்குள் சொன்னால் அரிசி அளக்க வசதி. இந்த முறை முடியாவிட்டால் அடுத்த முறை.’ கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரிந்தால் உண்மை வரும். பதில் சொல்லாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு போன் போடுங்கள். பிரியாணி போடுவதானால் 1 கிலோ அரிசிக்கு 1 கிலோ கறி, எட்டிலிருந்து 10 பேர் சாப்பிடலாம்.

கேள்வி: ஒரு மாதிரி அழைப்பு எழுதித் தாருங்களேன்.
– வாசகர், ராயக்கோட்டை

பதில்: ‘அக்கா, வர்ற ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு நம்ம வீட்டு மொட்டைமாடியில கோழி சுடுறோம். மாமா, பிள்ளைங்க, ஊர்லருந்து வந்திருக்கிற பாட்டி எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. 7 மணிக்குச் சாப்பாடு: களி, கோழிக்குழம்பு, கீரை. சைவத்துக்குத் தனி அடுப்பு. மாமாவுக்குக் காலையில ஏ ஷிப்ட், 9 மணிக்கு முடிச்சிடுவோம். மழை வந்தா கீழ ஹால்ல. நீங்க தயிர்ப் பச்சடி மட்டும் கொண்டு வந்தா போதும். எத்தனை பேர்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க.’

இதைக் குரூப்பில் போடாதீர்கள். குரூப்பில் போட்டால் எல்லாருக்கும் தெரிவித்ததாகும், ஒருவரையும் அழைத்ததாகாது. அக்கா, அண்ணே, தம்பி என்று மாற்றி, 10 வீட்டுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். அரை மணி நேரம் பிடிக்கும். கோழி மசாலாவில் ஊறும் நேரத்தைவிடக் குறைவுதான்.