கத்திரி வெயில் நாவலாசிரியர்

ஏப்ரல் கடைசி வாரம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து, ஸ்டேஷனரி கடைகள் ஈயோட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் கடைக்குள் நின்று, கடைக்காரர் நீட்டும் துண்டுச் சீட்டில் ஜெல் பேனாக்களை ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகும் வயது. வங்கியிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ நல்ல உத்தியோகம். கக்கத்தில் லாங் சைஸ் நோட்டு. "பையனுக்கா சார்?" என்று கடைக்காரர் கேட்டுவிட்டால் முகம் சுண்டிப்போகும். பையனுக்கில்லை. மே ஒன்றாம் தேதி தொடங்கி முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் 50,000 சொற்களில் ஒரு நாவலை எழுதி முடிக்கப்போகிறார். எழுதப்போவது என்னவோ செல்போனிலும் மடிக்கணினியிலும்தான். நாவலாசிரியரின் மேஜை என்றால் அதில் நோட்டு கிடக்க வேண்டாமா?

எங்கள் நங்கநல்லூர் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். வங்கி அதிகாரி. எனக்கு எதிர் பிளாட். வருஷம் பூராவும் தங்கமான மனிதர். மே பிறந்தால் மட்டும் கண்ணில் ஒரு பளபளப்பு வந்துவிடும்.

இந்தச் சவாலின் பூர்வீகத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் ஆரம்பித்து வைத்தது. மொத்தம் 21 பேர். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது, ஒரே மாதத்தில் ஒரு நாவல் என்பதுதான் பந்தயம். அடுத்த வருஷமே அதை நவம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். குளிரும் மழையுமாக வெளியே தலைகாட்ட முடியாத மாதம். வீட்டுக்குள் கிடந்து எழுதத் தோது. "அந்தக் கணக்குப்படி பார்த்தா சார், நமக்கு மே மாசம்தான் நவம்பர்" என்பார் நம்மவர். மறுக்க முடியாத வாதம். நாலாம் தேதி வாக்கில் கத்திரி பிறந்துவிடும். பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை எங்கள் தெருவில் காக்காய்கூட நிழலை விட்டு நகராது. நவம்பரில் எழுத உட்கார்ந்தால் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும், கரண்ட் போய்விடும், கதாநாயகியை அந்தரத்தில் விட்டுவிட்டு மோட்டாரைக் காப்பாற்ற ஓட வேண்டும்.

தவிர, அவர் வங்கிக்காரர். நவம்பருக்கு முப்பது நாள். தினம் 1,667 சொல் எழுத வேண்டும். மேயில் முப்பத்தொரு நாள், 1,613 போதும். "தினம் 54 சொல் லாபம்" என்று சொல்லும்போது, வைப்புநிதிக்குக் கால் சதவீத வட்டி கூடுதலாகக் கிடைத்தவர்போல் முகம் மலரும். சவாலை நடத்திவந்த அமைப்பே 2025 மார்ச்சில் கடையை மூடுவதாக அறிவித்துவிட்டது. அந்தச் செய்தியைச் சொன்னேன். "கம்பெனிய மூடுவாங்க சார், கொள்கைய மூட முடியுமா?" என்றார்.

கதை ஏற்கெனவே தயார். அடுக்குமாடிக் குடியிருப்பில் போர் போடும்போது துளைக் கருவியில் ஒரு செப்பேடு சிக்குகிறது. அதைத் தொட்ட மென்பொருள் பொறியாளர் சோழர் காலத்துக்குப் போய் விழுகிறார். மூன்று பாகம். அட்டைப்படத்தைச் செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுத்துவிட்டது. (அதில் சோழ இளவரசனின் வாள் பிடித்த கையில் ஆறு விரல். அதற்கும் கதையில் ஒரு காரணம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.) முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்து, விபூதி பூசி, பிள்ளையார் சுழி போட்டு உட்கார்ந்தவர் அன்றைக்கு எழுதியது முழுக்க என்னுரை. அதில் நன்றி சொன்னது மட்டும் நாலு பக்கம். இன்னும் எழுதாத நாவலை மெய்ப்புப் பார்த்தவனாக என் பெயரும் அதில் இருந்தது. அணிந்துரைக்கு யாரைக் கேட்கலாம் என்ற கவலையில் இரண்டாம் நாள் கழிந்தது.

மூன்றாம் நாள் வீட்டில் பிரச்சினை. கஸுவோ இஷிகுரோ 1987 கோடையில் நாலே வாரத்தில் ஒரு நாவலின் அடித்தளத்தைப் போட்டார், காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பத்தரை வரை எழுதினார், அந்த நாலு வாரமும் சமையலிலும் வீட்டு வேலையிலும் அவருடைய பங்கை மனைவியே ஏற்றுக்கொண்டார், அந்த நாவலுக்குத்தான் புக்கர் கிடைத்தது என்று வீட்டம்மாவிடம் விளக்கியிருக்கிறார். அவர் வடாம் மாவைக் கிளறியபடியே பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கென்னங்க, தாராளமா எடுத்துக்கறேன். உங்க பங்கு வேலை எதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாராம்.

நம்மவர் விடவில்லை. தஸ்தயெவ்ஸ்கியை இறக்கினார். 1866 அக்டோபரில் பதிப்பாளரிடம் வசமாக மாட்டிக்கொண்ட தஸ்தயெவ்ஸ்கி, கெடு தவறினால் ஒன்பது வருஷத்துக்குத் தன் எழுத்துகளின் உரிமையே பறிபோய்விடும் என்ற நிலைமையில், அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்துக்கொண்டு 'சூதாடி'யை இருபத்தாறு நாளில் சொல்லி முடித்தார். அடுத்த வருஷமே அந்தப் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டார். சொல்லச் சொல்ல எழுதுவதற்கு வீட்டம்மாவைப் பிடிக்கலாம் என்பது நம்மவரின் உள்நோக்கம். "எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சுங்க" என்று வடாம் மாவோடு மாடிக்குப் போய்விட்டார் அந்த அம்மாள்.

ஆகவே குரல் தட்டச்சு. போனைப் பார்த்துப் பேசினால் அதுவே தமிழில் அடித்துக்கொள்கிறது. ஆனால் அது வீட்டில் யார் பேசினாலும் அடித்துக்கொள்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் இளவரசன் உறையிலிருந்து வாளை உருவுகிறான்; உடனே, "ஏங்க தண்ணி லாரி வந்துடுச்சு சம்ப் மூடியைத் திறங்க." அழித்துவிட்டிருக்கலாம். ஏழு சொல்லாயிற்றே! மனசு வராமல், அரண்மனைச் சேடி ஒருத்தி ஓடிவந்து, "இளவரசே, தண்ணீர்த் தோணி வந்துவிட்டது, மதகைத் திறவுங்கள்" என்று பதறுவதாக மாற்றிக்கொண்டார். அந்தச் சேடிக்குப் பின்னால் தனிக் கிளைக்கதையே முளைத்துவிட்டது. தெருவில் கீரை விற்கிற ஆயாவின் குரல்கூட ஒற்றர்களின் சங்கேத மொழியாக நாவலில் ஐந்தாறு இடங்களில் வருகிறது.

சொல்லெண்ணிக்கை என்கிற பேய் பிடித்த பிறகு ஒரு மனிதரின் தமிழ் என்ன பாடுபடும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நம் மொழியில் ஒரு வினைச்சொல் ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போகும். எண்ணுகிற எந்திரத்துக்கோ இடைவெளி விட்டால்தான் கணக்கு. 'வந்துகொண்டிருந்தான்' என்றால் ஒன்று. 'வந்து கொண்டு இருந்தான்' என்றால் மூன்று. நம்மவர் இதைக் கண்டுபிடித்தது எட்டாம் தேதி மத்தியானம். அன்று சாயங்காலத்துக்குள் அதுவரை எழுதியதையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு, கண்ட இடத்திலெல்லாம் பெட்டிகளைக் கழற்றிவிட்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் சொல் உபரி. புதிதாக ஒரு வரியும் எழுதாமல்! கதாநாயகி மதிவதனி 'மதி வதனி' ஆனாள். 'அப்பா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் 'என்னைப் பெற்று வளர்த்த தந்தையார் அவர்களே' என்று கூப்பிடத் தொடங்கினாள்.

அப்புறம் இரட்டைக் கிளவி. பள்ளிக்கூடத்தில் அதைப் பிரிக்கக் கூடாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். பிரித்தால் பொருள் போய்விடும். நம்மவருக்குப் பொருள் போனால் பரவாயில்லை, எண்ணிக்கை வந்தால் சரி. 'சல சல', 'பட பட', 'கல கல' என்று இடைவெளி விட்டுத் தட்டினால் ஒன்றுக்கு இரண்டு. இதனால் நாவலின் தட்பவெப்பமே மாறிப்போயிற்று. காவிரி எந்நேரமும் சல சலக்கிறது. காற்று சிலு சிலுக்கிறது. கதவுகள் பட படக்கின்றன. கதாநாயகி எதற்கெடுத்தாலும் கல கலவென்று சிரிக்கிறாள். பதினாறாம் அத்தியாயத்தில் அவளைப் பெற்று வளர்த்த தந்தையார் அவர்கள் போர்க்களத்தில் மடிகிறார். அந்தச் செய்தி வந்த பக்கத்திலும் சிரிக்கிறாள். "அது பைத்தியச் சிரிப்பு சார்" என்றார். பயமாகத்தான் இருந்தது.

சவாலுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஊருக்கு ஒருவராகச் சேர்ந்த கூட்டம். முதல் நாளே எட்டாயிரம் சொல் எழுதிவிட்டதாக அறிவித்தவர் இரண்டாம் நாளோடு காணாமல் போனார். கட்டைவிரல் மட்டுமே உயர்த்திக்கொண்டிருந்தவர்கள் கடைசிவரை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். காலையில் 'வணக்கம்' படத்துக்குப் பதிலாக அன்றன்றைய எண்ணிக்கை வரும் என்பதைத் தவிர, மற்றபடி எல்லாக் குழுவையும் போலத்தான்.

மாத நடுவில் நாவல் படுத்துவிட்டது. பங்கனபள்ளி கிலோ விலை இறங்கியது ஒரு காரணம், ராத்திரி ஐபிஎல் இன்னொன்று, லீவுக்கு வந்திறங்கிய மச்சினர் பிள்ளைகள் மூன்றாவது. நான்காவதாக, கும்பகோணத்தில் அவருடைய பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். பந்தியில் பெரியப்பா, "மாசத்துக்கு ஒரு நாவலாமே? அந்தக் காலத்துல ரயில் ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டால்ல வரிசையா மாத நாவல் தொங்கும்டா. ராஜேஷ்குமார் 1,500-க்கு மேல எழுதிட்டாரு. நீ ஒண்ணுக்கே தாடி வளர்க்கிற" என்று பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லிவிட்டார். ஊர் திரும்பிய மனிதர் இரண்டு நாள் பேனாவையே மூடிவைத்திருந்தார். திறந்தும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இவரைக் கேலி செய்வது சுலபம். நானே செய்துகொண்டுதானே இருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் அத்தியாயத்தில், சோழ நாட்டில் திசை தெரியாமல் அலையும் பொறியாளருக்குத் திடீரென்று தன் பாட்டி வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வருகிறது. பழைய வேட்டியில் வடாம் பிழிந்து காயவைத்திருக்கிறார்கள். ஏழு வயசுப் பையனைக் கறுப்புக் குடையும் குச்சியும் கொடுத்துக் காக்காய் ஓட்ட உட்கார்த்தியிருக்கிறார்கள். அவன் ஓரத்து வடாம்களைப் பாதி காய்ந்த பதத்தில் ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்கிறான். காலியான இடம் தெரியாமல் இருக்க, மிச்சத்தை நகர்த்தி நகர்த்தி வைக்கிறான். சாயங்காலம் வேட்டியைப் பார்த்த பாட்டி, "இந்த வருஷம் காக்கா ரொம்ப நாணயமா இருக்கே, வரிசையா தின்னுருக்கு" என்கிறாள். ஒன்றரைப் பக்கம். எந்தச் சொல்லையும் பிரிக்கவில்லை. எதுவும் சல சலக்கவில்லை. ஏதாவது பத்திரிகைக்கு அதை மட்டும் அனுப்பும்படி சொன்னேன். "அன்னிக்கு 280 சொல்தான் சார் வந்துச்சு. மோசமான நாள்" என்று பக்கத்தைத் தள்ளிவிட்டார்.

முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி பத்து மணி. இன்னும் 600 சொல் பாக்கி. செப்பேடு மறுபடி கிடைத்து, பொறியாளர் நங்கநல்லூர் திரும்பி, மதி வதனியின் அதே சாயலில் ஒரு பெண்ணைச் சந்தித்து, கதை மங்களமாக முடிந்தே விட்டது. எழுத ஒன்றுமில்லை. கண்ணில் பட்டது, பிரிட்ஜ் மேல் கிடந்த கும்பகோணம் கல்யாணப் பத்திரிகை. கதையில் கல்யாணம் நடந்தால் பத்திரிகை அடிக்க மாட்டார்களா? 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்தார். திதி, நட்சத்திரம், லக்னம், மண்டபத்துக்கு வழி. அப்புறம் 'தங்கள் நல்வரவை விரும்பும்'. இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார்: இனிஷியல், பட்டம், உத்தியோகம், ஊர் சகிதமாகத் தாய்மாமன்கள், அத்தைகள், பெரியம்மாக்கள், அவர்கள் பேரன் பேத்திகள். பதினொன்றே முக்காலுக்கு அந்த வரிசையின் கடைசிக் குழந்தையின் பெயரைத் தட்டியபோது 50,000 வந்துவிட்டது. முற்றும் போட்டுவிட்டு, கோப்பை உறவுக்காரக் குழு முழுவதற்கும் அனுப்பிவிட்டுப் படுத்தார்.

நாவலை யாரும் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்தை எல்லோரும் படித்துவிட்டார்கள். மறுநாள் காலை ஆறரைக்குப் பெரியப்பாவின் போன். "ஏண்டா, மாப்பிள்ளை வீட்டுப் பொடிசுங்க பேரெல்லாம் போட்டிருக்கே. பொண்ணு வீட்டுல ஒருத்தன் பேரு இல்லை. கல்யாணச் செலவு நாங்க பண்ணுவோம், கதையில அவங்க வருவாங்களா?"

50,000 என்பது என்ன என்று பெரியப்பாவுக்கு விளக்க முடியாது. நம்மவர் சமாளித்தார். அடுத்த மே மாதம் இரண்டாம் பாகம் வருகிறது, அதில் பேத்தியின் வளைகாப்புப் பத்திரிகைதான் முதல் அத்தியாயம், பெரியப்பா பெயர்தான் முதல் வரி என்று சத்தியமே செய்தார்.

"வளைகாப்பா? அடேய், பொண்ணு இன்னும் மறுவீட்டுக்கே வரலடா!"