பழைய பெட்டி, புது லினக்ஸ்: கேள்வி-பதில்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம். ஆகவே இந்த முறை சினிமாவும் இல்லை, அரசியலும் இல்லை. பெண்டிரைவும் பயாஸும் மட்டும்.

முதலியார்பேட்டை வாசகர்: 2012-இல் வாங்கிய கணினி. விண்டோஸ் 11 ஏறாது, எக்ஸ்சேஞ்சில் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

அவர் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். உங்களிடம் இரண்டும் இல்லை. மீதிப் பாதி அவருடைய வியாபாரம். 64 பிட் செயலியும் 4 ஜி.பி. ரேமும் இருந்தால், 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 லினக்ஸின் லைவ் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். ஓடுகிற பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்.

லாஸ்பேட்டை கல்லூரி மாணவி: 'லைவ்' என்றால் என்ன?

இன்ஸ்டால் செய்யாமலே பெண்டிரைவிலிருந்து எழுந்து ஓடும் லினக்ஸ். நீயாகப் போய்த் தொடாதவரை ஹார்டு டிஸ்க்கை அது தொடாது. 1992-இலேயே இக்ட்ராசில் என்ற லினக்ஸ் சி.டி.யிலிருந்து இப்படி ஓடியது. 2000-இல் ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர் கொண்டுவந்த க்னாப்பிக்ஸ்தான் இதை ஊரறியச் செய்தது. உன்னைவிட வயதில் மூத்த சங்கதி, அம்மா.

நெல்லித்தோப்பு வாசகர்: ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பெண்டிரைவில் காப்பி செய்தேன். பூட் ஆகவே இல்லை.

ஆகாது. காப்பி செய்தால் அது வெறும் கோப்பாகக் கிடக்கும், எழுத வேண்டும். ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் எழுதித் தரும். வென்டாய் என்ற கருவியை முதலில் ஏற்றிவிட்டால் பிறகு காப்பி செய்தாலே போதும், ஒரே பெண்டிரைவில் நாலைந்து லினக்ஸ் வைத்துக்கொள்ளலாம். எதில் எழுதினாலும் அதில் ஏற்கெனவே இருந்த கல்யாண போட்டோக்கள் போய்விடும். கல்யாணம் மட்டும்தான் மிஞ்சும்.

அதே வாசகர்: எழுதினேன். பாதி தூரம் போய் எர்ரர் மழை!

டவுன்லோடு செய்த கோப்பு முழுசாக வந்ததா என்று பார்த்தீர்களா? இறக்கிய பக்கத்திலேயே எஸ்.எச்.ஏ.256 என்று 64 எழுத்து நீளத்தில் ஒரு சரம் கொடுத்திருப்பார்கள். உங்கள் கோப்புக்கும் அதே சரம் வர வேண்டும். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். சரம் சரி, எர்ரரும் வருகிறது என்றால் பெண்டிரைவை மாற்றுங்கள். கல்யாண வீட்டில் இலவசமாகக் கொடுத்த பெண்டிரைவை நம்பி இயங்குதளம் ஏற்றக் கூடாது.

உருளையன்பேட்டை வாசகர்: பூட் மெனுவுக்கு எந்த பட்டன்?

டெல், லெனோவோ: எஃப்12. எச்.பி.: எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசஸ் லேப்டாப்: எஸ்கேப். ஏசர்: எஃப்12தான், ஆனால் முதலில் எஃப்2-வில் நுழைந்து பூட் மெனுவை இயக்கி வைக்க வேண்டும். ஆன் செய்த கையோடு தட்டத் தொடங்குங்கள். விண்டோஸ் சின்னம் தெரிந்தபின் தட்டினால் விரல்தான் வலிக்கும்.

துய்மா வீதி வாசகர்: தாத்தா சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்). மாமா பாரீஸிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய லேப்டாப். லினக்ஸ் லைவ் தொடங்கியதும் திரை கறுப்பு. 'நோமோட்செட்' போடச் சொன்னார்கள், போட்டேன், பலிக்கவில்லை. ஏன்?

இந்தியாவிலேயே புதுச்சேரியில்தான் அடிக்கடி வரக்கூடிய கேள்வி. கறுப்புத் திரைக்குக் காரணம் கிராஃபிக்ஸ் சில்லு. பழைய என்விடியா என்றால் சந்தேகமே வேண்டாம். மருந்தும் சரிதான். தொடக்க மெனுவில் 'இ' விசையை (சில பெட்டிகளில் டேப்) அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோ, மோட், செட் மூன்றையும் ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாமல் சேர்த்து அடித்து, எஃப்10 (டேப் ரகத்தில் என்டர்).

கோளாறு உங்கள் கீபோர்டில். பிரான்ஸ் லேப்டாப்பில் மேல் வரிசை 'ஏ இசட் இ ஆர் டி ஒய்' என்று தொடங்கும். அந்தத் தொடக்க மெனுவோ அமெரிக்கக் கீபோர்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் 'எம்' அழுத்தினால் திரையில் விழுவது அரைப்புள்ளி. 'எம்' வேண்டுமென்றால் 'என்' விசைக்கு வலப்பக்கம் உள்ள கமாவை அழுத்துங்கள். 'ஏ' வேண்டுமென்றால் 'க்யூ'வை. இப்போது அடித்துப் பாருங்கள், திரை எழும். படம் கொஞ்சம் பெரிதாக, மங்கலாகத் தெரியும். பரவாயில்லை, கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

எம்எக்ஸ் லினக்ஸ், ஆன்டிஎக்ஸ் லைவ் இரண்டிலும் பாஸ்வேர்டு 'டெமோ'. அதிலும் ஒரு 'எம்' இருக்கிறது. கமாவை மறக்காதீர்கள்.

வம்பாகீரப்பாளையம் வாசகர்: லினக்ஸ் பெண்டிரைவைச் செருகி ஆன் செய்தால் பீப், பீப், பீப். திரையில் ஒன்றுமில்லை. லினக்ஸ் கெடுத்துவிட்டதா?

லினக்ஸ் இன்னும் வாசலுக்கே வரவில்லை, பழி மட்டும் வந்துவிட்டது. பீப் என்பது மதர்போர்டின் குரல். பெரும்பாலும் ரேம் புகார். உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்? உப்புக்காற்று ரேமின் தொடுமுனையில் படலம் கட்டியிருக்கும். கரண்ட் வயரைப் பிடுங்குங்கள், லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றுங்கள். ரேமை எடுத்து, தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகுங்கள். கடற்கரையோரம் வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் என்று எல்லோருக்கும் இதே பதில்.

வில்லியனூர் வாசகர்: ஆன் செய்யும்போதெல்லாம் 2009 என்று தேதி காட்டுகிறது. வைஃபை வருகிறது, ஆனால் எந்த வலைத்தளமும் திறக்க மறுக்கிறது.

2009-இல் வாழும் கணினிக்கு 2025-இல் வழங்கிய பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது. மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. வாட்ச் கடையில் கிடைக்கும். மாற்றி, தேதியைச் சரிசெய்யுங்கள். இன்டர்நெட் கம்பெனியோடு போடும் சண்டை அன்றோடு முடியும்.

அரியாங்குப்பம் வாசகர்: 1 ஜி.பி. ரேம் உள்ள குட்டி நெட்புக். டெபியன் 13 போட்டால், 64 பிட் செயலி வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்று திட்டுகிறது.

திட்டவில்லை, உண்மையைச் சொல்கிறது. உங்களுடையது ஆட்டம் என்270 ரகமாக இருக்கும். 2008-இல் வந்த 32 பிட் செயலி. அந்த வகைக்கு வாசல்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016-இல் நின்றது. 2017-இல் உபுண்டு 17.10 தன் 32 பிட் டெஸ்க்டாப்பை விட்டது. டெபியன் 13 தன் 32 பிட் இன்ஸ்டாலரையும் கர்னலையும் கைவிட்டது. 2025 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 145-உம் எம்எக்ஸ் லினக்ஸ் 25-உம் விடைபெற்றன.

ஆனாலும் ஆள் இருக்கிறார்கள். டெபியன் 12-ஐ ஒட்டி வந்த ஆன்டிஎக்ஸ் 23-க்கு 32 பிட் பதிப்பு உண்டு. பப்பி லினக்ஸின் புக்வார்ம்பப்32-உம் உண்டு. ரேம் இடம் கொடுத்தால் பப்பி மொத்தமாக அதில் ஏறிக்கொள்ளும், பிறகு பெண்டிரைவைப் பிடுங்கினாலும் ஓடும். டெபியன் 12-க்கான நீள்காலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை. அதுவரை கணக்கு எழுதவும் பாட்டு கேட்கவும் போதும். பத்து டேப் திறந்து யூடியூப் பார்ப்பேன் என்றால் வேறு பெட்டி பாருங்கள், 1 ஜி.பி.யைத் தின்பது இன்றைய வலைத்தளங்கள், அதை எந்த லினக்ஸாலும் தடுக்க முடியாது.

ஒதியஞ்சாலை வாசகர்: பழைய டெல் லேப்டாப். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை.

பிராட்காம் சில்லா என்று பாருங்கள். 2022-இல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்களையும் இன்ஸ்டாலரிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். டெபியன் 12 முதல் பெரும்பாலான வைஃபை தானே வரும். பழைய பிராட்காம் சில மட்டும் முரண்டு பிடிக்கும், அதன் ஃபர்ம்வேரைத் தனியாக இறக்க வேண்டும். வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது என்றுதானே அடுத்த கேள்வி? ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யு.எஸ்.பி. டெதரிங் போடுங்கள். டிரைவர் தேடும் வேலையே இல்லை.

முத்தியால்பேட்டை வாசகர்: லைவில் விண்டோஸ் டிரைவ் திறக்கிறது. எதையும் சேமிக்க விட மாட்டேன் என்கிறது.

விண்டோஸ் இன்னும் சாகவில்லை, உறங்குகிறது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தால் ஷட் டவுன் செய்வது அரைத்தூக்கம்தான். உறங்குகிறவன் பையில் கைவிட லினக்ஸ் மறுக்கிறது, நல்ல பிள்ளை. விண்டோஸுக்குள் போய் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள்.

ரெயின்போ நகர் வாசகர்: 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையில் நனைந்த லேப்டாப். லினக்ஸ் போட்டால் எழுமா?

லினக்ஸுக்கு ஈரம் துடைக்கத் தெரியாது. ஆன் செய்து பார்க்காதீர்கள். உள்ளே உங்கள் பிள்ளைகளின் படங்கள் இருக்குமே, அதுதான் முக்கியம். எஸ்.எஸ்.டி. என்றால் கழற்றி, நன்றாக உலர்த்தி, சாட்டா-யு.எஸ்.பி. கேபிளில் வேறு கணினியில் மாட்டி, அங்கே லினக்ஸ் லைவில் திறந்து காப்பி எடுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் தண்ணீரில் மூழ்கியிருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம். தரவு மீட்கும் ஆட்களிடம் கொடுங்கள்.

கோட்டக்குப்பம் வாசகி: தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் 'பாஸ்' என்று ஒன்று இருந்தது. அது என்ன?

அதுவும் லினக்ஸ்தான், அம்மா. சி-டாக் சென்னை மையத்தில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2007-இல் வந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டத்தில் விண்டோஸோடு அதையும் ஏற்றிக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் லினக்ஸ் இருந்தது, சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. லேப்டாப் அலமாரியில் இருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள்.

ஷண்முகாபுரம் வாசகர்: லைவில் டைப் செய்த கடிதம், மறுநாள் காணோம்!

லைவின் இயல்பே அதுதான், அணைத்தால் மறக்கும். நினைவு வேண்டுமென்றால் பெண்டிரைவ் எழுதும்போதே 'பெர்சிஸ்டன்ஸ்' இடம் ஒதுக்குங்கள். ரூஃபஸில் அதற்கென்றே ஒரு சறுக்குப்பட்டி உண்டு.

தட்டாஞ்சாவடி வாசகர்: ஓடுகிறது, ஆனால் நகர்கிறது. வேகம் கூட்ட?

கருப்பு யு.எஸ்.பி. துளையை விட்டு, இருந்தால் நீலத் துளையில் செருகுங்கள். ரேம் தாராளமாக இருந்தால் தொடக்க வரியில் 'டுரேம்' சேருங்கள் (ஆங்கிலத்தில் டு, ரேம் சேர்த்து). முழு இயங்குதளமும் ரேமுக்குப் போய்விடும். க்னோம் வேண்டாம், எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி பதிப்பை எடுங்கள். இன்ஸ்டாலே செய்வதாக இருந்தால் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுங்கள். பழைய பெட்டிக்குச் செய்யும் செலவில் அதற்கு இணை எதுவும் இல்லை.

ரோமன் ரோலன் வீதி வாசகர்: பிரான்சில் இதெல்லாம் உண்டா?

மெஸ்யே, பிரான்சின் ஜாந்தார்ம் காவல்படையே 2008 முதல் உபுண்டுவுக்கு மாறத் தொடங்கியது. ஜென்டுபுந்து என்று தங்களுக்கென ஒரு பதிப்பே வைத்திருக்கிறார்கள். பழைய கணினிகளைச் சீர்செய்து இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே எம்மாபுந்தூஸ் என்ற பதிப்பும் அங்கிருந்து வருகிறது. ஆபே பியேர் 1949-இல் தொடங்கிய எம்மாவுஸ் சமூகங்களுக்காக உருவானது. ஊரெங்கும் பிரெஞ்சுப் பெயர்ப்பலகை வைத்திருக்கும் நாம் இந்த ஒரு பழக்கத்தையும் கடன் வாங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பாக்கமுடையான்பட்டு வாசகர்: வைரஸ் வருமா?

வரலாம். தெரியாதவர் அனுப்பிய லிங்க்கைத் தொடும் விரலுக்கு எந்த இயங்குதளமும் காவல் இல்லை.

உழவர்கரை வாசகர்: தனியாகச் செய்யப் பயம். யாரைக் கேட்பது?

புதுச்சேரியில் எஃப்.எஸ்.எச்.எம். என்கிற கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. பக்கத்தில் விழுப்புரம் க்னூ/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. வீட்டிலிருந்தே தமிழில் படிக்க 2012 முதல் வரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது. கேட்கும்போது 'ஓடலை சார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடல் பெயர், ரேம் அளவு, திரையில் வந்த கடைசி வரியின் போட்டோ, மூன்றையும் கொடுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கும்.

காராமணிக்குப்பம் வாசகர்: லைவில் எல்லாம் அருமை. இன்ஸ்டால் பட்டனை அழுத்தட்டுமா?

பொறுங்கள். சத்தம், வைஃபை, கேமரா, பிரின்டர், மூடித் திறந்தால் எழுகிறதா, இவ்வளவையும் லைவிலேயே பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் உள்ள படங்கள், பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எடுத்த காப்பி திறக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு அழுத்துங்கள்.